குழந்தைக்கு பி.பி. ஏறியிருக்கிறது: உப்பைக் குறைப்பதா, மாத்திரையைக் குறைப்பதா, பொறுத்துப் பார்ப்பதா?

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கை பேசினாள். ஏழு மாதப் பையன். பிறந்து பதினைந்தாம் நாள் வாந்தியும் சோர்வுமாக வேலூருக்குத் தூக்கி ஓடிவந்து, அட்ரினல் சுரப்பியில் ஹார்மோன் சுரக்கவில்லை, உடம்பில் உப்பு தங்காத வகை என்று கண்டுபிடித்துக் காப்பாற்றிய குழந்தை. அன்றிலிருந்து மூன்று வேளை ஹைட்ரோகார்டிசோன், காலையில் ஃப்ளூட்ரோகார்டிசோன், பாலோடு அளந்த உப்பு என்று ஒருநாள் தவறாமல் கொடுத்துவருகிறாள். இப்போது செக்கப்பில் மேல் அளவு 114 என்று வந்திருக்கிறது. மாமியார் உப்பை நிறுத்தச் சொல்கிறார். மெடிக்கல் கடையில் "அந்தச் சின்ன மாத்திரைதான் பிரஷரை ஏத்தும், நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். டாக்டர் அடுத்த செவ்வாய் வரச்சொல்லியிருக்கிறார். "அக்கா, எதைக் குறைக்கணும்? அதுவரைக்கும் நான் என்ன பண்றது?" இதுதான் அவள் கேள்வி.

என் மகளுக்கும் எட்டாவது மாதத்தில் இதே நடந்தது. இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், நன்றாக இருக்கிறாள். நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த ஏழு வருடத்தில் கேட்டது, படித்தது, பட்டது எல்லாவற்றையும் வைத்து, டாக்டர் முன்னால் இருக்கும் வழிகள் என்னென்ன, எது யாருக்குப் பொருந்தும், எதில் என்ன மறைவான செலவு என்று எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை அங்கே போய் உட்காரும்போது என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான். வீட்டில் நீங்களாக எதையும் மாற்றுவதற்கு இல்லை.

முதலில், ஏன் ஏறுகிறது

இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு (நூற்றில் தொண்ணூறுக்கு மேல்) குறைவது 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற ஒரு நொதி. இப்படிப் பிறவியிலேயே அட்ரினலில் ஒரு நொதி குறையும் நோயைத்தான் டாக்டர்கள் சி.ஏ.எச். என்கிறார்கள். இந்த நொதி இல்லாவிட்டால் உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவும் கார்டிசால் வராது, உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டீரோனும் வராது. இது எங்கோ லட்சத்தில் ஒன்று என்று நினைக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பச்சைக் குழந்தைகளைப் பரிசோதித்தபோது சராசரியாக 5,762 பேருக்கு ஒருவர் என்று வந்தது. சென்னையில் மட்டும் 2,036 பேருக்கு ஒருவர். சொந்தத்தில் கட்டிக்கொள்ளும் வழக்கம் உள்ள நம் பக்கத்தில் இது இன்னும் நெருக்கமான விஷயம், ஏனென்றால் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும்.

இல்லாத கார்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோனும், ஆல்டோஸ்டீரோனுக்குப் பதிலாக ஃப்ளூட்ரோகார்டிசோனும் கொடுக்கிறார்கள். பிறந்த சில மாதங்களுக்குக் குழந்தையின் சிறுநீரகம் ஃப்ளூட்ரோகார்டிசோனுக்குச் சரியாக வசப்படாது. அதோடு தாய்ப்பாலில் உப்பு மிகக் குறைவு. அதனால் எடைக்குப் பார்த்தால் பெரியவர்களைவிட அதிகமாக மாத்திரை, மேலே உப்பும். ஆறேழு மாதத்தில் சிறுநீரகம் முதிர்கிறது. அதே சமயம் இட்லி, ரசம் சாதம் என்று வாயில் உப்பும் போக ஆரம்பிக்கிறது. முன்பு சரியாக இருந்த அதே அளவு இப்போது மிஞ்சிப்போகிறது. உப்பு தங்குகிறது, உப்போடு தண்ணீர் தங்குகிறது, பிரஷர் ஏறுகிறது.

ஆகவே பயந்துபோக வேண்டாம். பெரும்பாலும் இது புதிதாக வந்த நோயாக இருக்காது. குழந்தை வளர்ந்திருக்கிறது, மருந்துக் கணக்கு அந்த வளர்ச்சிக்குப் பின்னால் நிற்கிறது, அவ்வளவுதான்.

எதை வைத்து முடிவு செய்வது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன். அந்த அளவு நிஜமா என்பது முதல். இரண்டாவது, குறைத்தால் உப்பு இழப்பு நெருக்கடி வர எவ்வளவு வாய்ப்பு. மூன்றாவது எடையும் நீளமும் எப்படிப் போகிறது. நான்காவது, பலன் எத்தனை நாளில் தெரியும், தவறாகப் போனால் எவ்வளவு சீக்கிரம் திருப்ப முடியும். ஐந்தாவது எத்தனை முறை ரத்தம் எடுக்க வேண்டும், எத்தனை முறை பஸ் ஏற வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் குடும்பத்தில் ஒருநாள் வேலூர் போனால் அன்றைய கூலி போச்சு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச்சொல்லும் ஒரு திட்டம் காகிதத்தில் நன்றாக இருக்கும், மூன்றாவது முறை போகாமல் விட்டுவிடுவார்கள். டாக்டரிடம் இதை வெட்கப்படாமல் சொல்லுங்கள், அதற்கேற்ற மாதிரி அவரும் யோசிப்பார்.

இந்த ஐந்திலும் எனக்கு முக்கியம் இரண்டாவதுதான். பிரஷர் கொஞ்சம் கூடி இரண்டு வாரம் இருப்பதைக் குழந்தை தாங்கும். உப்பு இறங்கிப்போவதைத் தாங்காது.

வழி 1: திரும்ப அளந்து பார்ப்பது

இதில்தான் நான் அதிகம் பட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். என் மகளுக்கு முதலில் ஏறியது என்று சொன்ன இடம் ஒரு கிளினிக். குழந்தை வீல் என்று கத்திக்கொண்டிருந்தது, கையில் சுற்றியது கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கான பட்டையா, பச்சைக்குழந்தைக்கானதா என்று பார்க்கக்கூட எனக்குத் தெரியாது, ஒரே ஒரு தடவை அளந்தார்கள், 128 என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று இரவு முழுக்க நான் தூங்கவில்லை. மறுநாள் வேறொரு இடத்தில் பால் குடித்துத் தூங்கும்போது சரியான பட்டையில் மூன்று தடவை அளந்ததில் 108, 105, 106. அதுவும் கூடுதல்தான், ஆனால் 128 இல்லை.

பட்டைக்குள் காற்று நிரம்பும் பை இருக்கிறதே, அதன் அகலம் கைச்சுற்றளவில் நாற்பது சதவீதம் இருக்க வேண்டும், நீளம் கையை எண்பது முதல் நூறு சதவீதம் சுற்ற வேண்டும். பட்டை சின்னதாக இருந்தால் அளவு பொய்யாகக் கூடும், பெரிதாக இருந்தால் பொய்யாகக் குறையும். வலது கை. குழந்தை தூங்கும்போதோ அமைதியாகப் படுத்திருக்கும்போதோ எடுக்க வேண்டும். அழுதால், சப்பிக் குடித்துக்கொண்டிருந்தால் ஏறும். வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிவைத்த மெஷினில் போட்டுப் பார்ப்பது வீண், அந்தப் பட்டை குழந்தை கைக்கு ஒருநாளும் பொருந்தாது.

எவ்வளவு இருந்தால் அதிகம்? ஒரு வயது முடிந்த குழந்தைக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2017 வழிகாட்டி பையனுக்கு 98/52, பெண்ணுக்கு 98/54 என்று ஒரு கோடு போடுகிறது. அதைத் தொட்டால் இன்னும் கவனமாக அளக்கவேண்டும் என்று அர்த்தம், நோய் என்று அர்த்தமில்லை. ஒரு வயதுக்குள் மாதத்துக்கு மாதம் மாறும், டாக்டரிடம் அட்டவணை இருக்கும்.

பொறுத்துப் பார்ப்பது யாருக்குச் சரி: ஒரே ஒரு அளவு, அதுவும் அழும்போது எடுத்தது, குழந்தை நன்றாகக் குடிக்கிறது, சிரிக்கிறது, சோடியம் பொட்டாசியம் சரியாக இருக்கிறது என்றால் ஒரு வாரத்துக்குள் இரண்டு மூன்று நாள் வெவ்வேறு நேரத்தில் அளந்து எழுதிக்கொண்டு போகலாம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பக்கத்துக் குழந்தை டாக்டரிடமோ சின்னப் பட்டை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இருந்தால் ஒவ்வொரு அளவுக்கும் வேலூர் ஓட வேண்டாம். அங்கே சி.எம்.சி.யில் குழந்தைகள் பிரிவும் நாளமில்லாச் சுரப்பிப் பிரிவும் உண்டு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருந்தை மாற்றும் முடிவுக்கு அங்கே போங்கள், அளப்பதற்கு மட்டும் என்றால் பக்கத்திலேயே முடியும்.

மறைவான செலவு என்னவென்றால், "அடுத்த வாரம்" என்பது சத்தமில்லாமல் அடுத்த மாதம் ஆகிவிடும். தேதி போட்டுக்கொண்டு பொறுங்கள். குழந்தை காரணமில்லாமல் கத்திக்கொண்டே இருந்தால், பால் குடிக்க மறுத்தால், மூச்சு வேகமாக வாங்கினால், முகமோ காலோ வீங்கினால், வலிப்பு வந்தால் பொறுப்பதே கூடாது, அன்றைக்கே போக வேண்டும்.

வழி 2: சேர்த்துக்கொடுக்கும் உப்பைக் குறைப்பது

சின்னக் குழந்தைக்கு வழக்கமாக நாளைக்கு 1 முதல் 2 கிராம் உப்பைப் பிரித்துக் கொடுக்கச் சொல்வார்கள். திட உணவு ஆரம்பித்துவிட்ட குழந்தைக்கு, சோடியம் நல்ல அளவில் இருக்கும்போது, பல டாக்டர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். மாற்றம் சீக்கிரம் தெரியும், வேண்டாமென்றால் மறுநாளே பழைய அளவுக்குத் திரும்பலாம், மருந்துக் கணக்கு குழம்பாது. குடியாத்தம் பையனைப் போல சோறு, பருப்பு என்று நன்றாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தால் எனக்கும் இதுதான் முதலில் தோன்றும்.

ஆனால் உப்புக் கணக்கு எவ்வளவு ஆட்டம் காட்டும் என்பது சமையலறையில் நிற்பவளுக்குத்தான் தெரியும். கல் உப்பு ஒரு ஸ்பூனும் தூள் உப்பு ஒரு ஸ்பூனும் எடையில் ஒன்றில்லை. நீங்கள் தூள் உப்பில் கொடுத்துவந்து, நீங்கள் ஊருக்குப் போன நாளில் பாட்டி கல் உப்பை இடித்துப் போட்டால் அளவு எங்கேயோ போய்விடும். எங்கள் வீட்டில் நகைக்கடைக்காரர் ஒருவரிடம் கேட்டுக் கிராம் கணக்கில் நிறுத்துப் பொட்டலம் கட்டிவைத்தோம், அதற்கப்புறம்தான் நிம்மதி. டாக்டர் உப்புக் கரைசலாகச் சிரிஞ்சில் கொடுக்கச் சொன்னால் அது இன்னும் நல்லது. குழந்தை சோற்றில் எவ்வளவு போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் "டாக்டர் உப்பைக் குறைக்கவே இல்லை" என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

இன்னொன்று, வெயில். கத்திரி வெயிலில் வேலூர் நாற்பது டிகிரியைத் தாண்டும். வேர்த்து வேர்த்தே உப்பு போய்விடும். தையில் குறைத்த உப்பு சித்திரையில் போதாமல் போகலாம். வயிற்றுப்போக்கு வந்தாலும் அப்படியே. உப்பைக் குறைக்கும்போதே "வெயில் வந்தால் என்ன செய்வது, பேதியானால் என்ன செய்வது" என்று இரண்டு கேள்வியையும் கேட்டு, பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் மூன்று நான்கு மாதக் குழந்தைக்கு இந்த வழி ஆபத்தானது. மாமியார் சொன்ன "உப்பை நிறுத்து" அந்த வயதில் குழந்தையை மறுபடி ஐ.சி.யு.வுக்கு அனுப்பிவிடும்.

வழி 3: ஃப்ளூட்ரோகார்டிசோனைக் குறைப்பது

கடையில் ஃப்ளோரிகாட் என்று வாங்குவோமே, 100 மைக்ரோகிராம் மாத்திரை, அது. வழக்கமான அளவு நாளைக்கு 50 முதல் 200 மைக்ரோகிராம் வரை. பிரஷர் திரும்பத் திரும்பக் கூடுதலாகவே இருக்கிறது, பொட்டாசியம் இறங்கியிருக்கிறது, ரெனின் (உப்பு போதுமா என்று காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை) மிகவும் அமுங்கியிருக்கிறது என்றால் மருந்து மிஞ்சிவிட்டது என்பதற்கு இவ்வளவு சாட்சி போதும். அப்போது உப்பை மட்டும் குறைத்துக்கொண்டிருப்பதைவிட இதைக் குறைப்பதே நேர்வழி. என் மகளுக்கு இதைத்தான் செய்தார்கள், ஒன்றரை மாத்திரையிலிருந்து ஒன்று. இரண்டு வாரத்தில் நூறுக்குக் கீழே வந்தது.

ரெனின் பற்றி ஒரு வார்த்தை. உடம்புக்கு உப்பு போதவில்லை என்றால் ரெனின் ஏறும், மிஞ்சினால் இறங்கும். டாக்டருக்கு இதைவிட நல்ல துப்பு இல்லை. ஆனால் குழந்தைகளுக்கு இயல்பாகவே ரெனின் பெரியவர்களைவிட அதிகம். லேப் காகிதத்தில் பக்கத்தில் அச்சடித்திருக்கும் அளவு பெரும்பாலும் பெரியவர்களுக்கானது, அதைப் பார்த்து நீங்களே "கூடுதல்" என்று முடிவுகட்டினால் நேர் எதிரான மாற்றத்தைக் கேட்டு நிற்பீர்கள். விலையும் சோடியம் பொட்டாசியம் பார்ப்பதைவிட அதிகம், எல்லா லேபிலும் செய்ய மாட்டார்கள், முடிவு வர நாளாகும். சில சமயம் டாக்டர் அது வரும் முன்பே பிரஷரையும் பொட்டாசியத்தையும் வைத்துக் குறைப்பார். அதில் தப்பில்லை.

இதன் மறைவான செலவு மாத்திரையை உடைப்பதில் இருக்கிறது. அரை என்றால் சரி. கால், முக்கால் என்று வரும்போது இந்தச் சின்ன மாத்திரை பொடிப்பொடியாக உதிரும், ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டி மெடிக்கலில் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். குறைத்த பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் எடுத்து சோடியம் பொட்டாசியம் பார்த்தே ஆகவேண்டும், அந்த ஒரு பயணத்தை மட்டும் மிச்சம்பிடிக்காதீர்கள்.

மெடிக்கல் கடையில் சொன்னதற்கு வருகிறேன். ஃப்ளூட்ரோகார்டிசோன் பிரஷரை ஏற்றும் என்பது உண்மை. நிறுத்திவிடு என்பது ஆபத்து. குறைப்பதற்கும் நிறுத்துவதற்கும் நடுவில் இந்தக் குழந்தைகளின் உயிர் இருக்கிறது. நிறுத்திய சில நாளில் எடை ஏறாமல் நிற்கும், அப்புறம் பால் வாந்தி, துவண்டு போவது, உள்ளே பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும்.

வழி 4: ஹைட்ரோகார்டிசோனைச் சரிபார்ப்பது

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இதற்கும் உப்பைப் பிடிக்கும் குணம் கொஞ்சம் உண்டு, 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் சுமார் 50 மைக்ரோகிராம் ஃப்ளூட்ரோகார்டிசோனின் வேலையைச் செய்யும். வழக்கமான அளவு உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஏழு கிலோ குழந்தைக்குக் கணக்குப் போட்டால் நாள் முழுக்கச் சேர்த்து சுமார் மூன்றரை முதல் ஐந்தரை மில்லிகிராம், அதை மூன்றாகப் பிரித்து.

முகம் நிலா மாதிரி உருண்டு, எடை ஓட்டமாக ஏறி, நீளம் மட்டும் நின்றுபோயிருந்தால் பிரஷருக்குக் காரணம் இங்கே இருக்கலாம். எடை நீளம் எழுதிய அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் போட்டால் முழுதாகக் கரையாது, அடியில் தங்கும். காலையில் கலக்கிவைத்து மூன்று வேளையும் அதிலிருந்தே கொடுத்தால் ஒரு வேளை கம்மி, இன்னொரு வேளை அதிகம் என்று போகும். அந்தந்த வேளைக்குப் பொடித்துக் கொடுங்கள்.

பிரஷருக்காக இந்த மருந்தை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் டாக்டர் எழுதிக்கொடுத்தபடி இரண்டு மடங்கு மூன்று மடங்காகக் கூட்டவேண்டிய மருந்து இது. பிரஷர் கூடியிருக்கிறதே என்று பயந்து காய்ச்சலின்போது கூட்டாமல் விடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வழி 5: பிரஷருக்குத் தனியாக மருந்து

சில குழந்தைகளுக்கு வேண்டியிருக்கும். அளவு மிக அதிகம், வலிப்பு மாதிரி அறிகுறி, அல்லது உப்பும் மருந்தும் சரிசெய்த பிறகும் இறங்கவில்லை, சிறுநீரகத்தில் வேறு கோளாறு என்றால் டாக்டர் அம்லோடிபின் போன்ற ஒன்றைத் தரலாம். மற்றபடி, மிஞ்சிய மருந்தை அப்படியே கொடுத்துக்கொண்டு அதன் விளைவுக்கு இன்னொரு மருந்து கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். ஸ்பைரனோலாக்டோன் என்ற மருந்து ஃப்ளூட்ரோகார்டிசோன் வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடும். எனாலபிரில் வகை பொட்டாசியத்தை ஏற்றும். குழந்தையின் நோய் தெரியாத ஒரு இடத்தில் அவசரத்துக்குப் போனால், "இவனுக்கு சி.ஏ.எச். இருக்கிறது, உப்பு தங்காது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கவேண்டிய இரண்டு கேள்வி

ஒன்று டாக்டரிடம்: இது எந்த வகை? சி.ஏ.எச். குழந்தைகளில் நூற்றில் ஐந்து முதல் எட்டு பேருக்குக் குறைவது 11-பீட்டா ஹைட்ராக்சிலேஸ். அவர்களுக்கு உப்பைப் பிடிக்கும் வேறொரு ஹார்மோன் தேங்கி, நோயே பிரஷரை ஏற்றும். பொட்டாசியமும் இறங்கும். அங்கே ஃப்ளூட்ரோகார்டிசோனும் கூடுதல் உப்பும் தேவைப்படாது, ஹைட்ரோகார்டிசோனைச் சரியாகக் கொடுத்தாலே பிரஷர் இறங்க ஆரம்பிக்கும். 17-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி குறையும் இன்னும் அபூர்வமான ஒரு வகையிலும் பிரஷர் ஏறும். மேலே சொன்ன கணக்கெல்லாம் அவர்களுக்குப் பொருந்தாது.

இன்னொன்று வீட்டில்: குழந்தைக்கு உரை மருந்து யாராவது கொடுக்கிறார்களா? சுக்கு, கடுக்காய், மாசிக்காய், வசம்பு என்று கல்லில் இழைத்து நாக்கில் தடவும்போது பல வீடுகளில் அதிமதுரமும் சேரும். அதிமதுரம் கார்டிசாலை உப்புப் பிடிக்கும் ஹார்மோன் மாதிரி வேலை செய்ய வைத்து, பிரஷரை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். இந்தக் குழந்தை குடிக்கும் ஹைட்ரோகார்டிசோனும் கார்டிசால்தான். பாட்டி அன்பாகத்தான் தருகிறார், சண்டை வேண்டாம், ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டு, நிறுத்திவிட்டு, டாக்டரிடமும் சொல்லுங்கள்.

குடியாத்தத்துத் தங்கை கேட்டுப் பார்த்தாள். அவர்கள் வீட்டில் அதிமதுரம் இல்லை. ஆனால் மதியச் சோற்றில் ரசத்தோடு தாத்தா தினமும் அப்பளம் நனைத்து ஊட்டுகிறாராம், பாட்டிலில் போகும் உப்பு தனி. செவ்வாய்வரைக்கும் மாத்திரையும் அளந்த உப்பும் அப்படியே போகட்டும், அப்பளத்தை மட்டும் நிறுத்து, தூங்கும்போது மூன்று நாள் அளந்து எழுது, தினமும் காலையில் எடை பார், வாந்தி எடுத்தால் செவ்வாய்க்காகக் காத்திருக்காதே என்று சொன்னேன். பையில் அவசரத்துக்குப் போடும் ஹைட்ரோகார்டிசோன் ஊசி (இந்த வயதுக்கு 25 மில்லிகிராம்) இருக்கிறதா, தேதி பார்த்தாயா என்று கேட்டேன். ஊசி இருந்தது, தேதி போன மாதத்தோடு முடிந்திருந்தது. அன்று சாயங்காலமே மெடிக்கலுக்குப் போய் புதிது வாங்கிவிட்டாள்.